யாரோடு யாரை விடுவது?

வண்ணமீன் வளர்ப்புக் கையேடுகளில் பெரும்பாலும் ஓர் அட்டவணை இருக்கும். மேலே வரிசையாக மீன்களின் பெயர்கள், பக்கவாட்டில் அதே பெயர்கள். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு. கப்பியும் மோலியும் சந்தித்தால் பச்சை. ஏஞ்சலும் நியான் டெட்ராவும் சந்தித்தால் மஞ்சள். ஆஸ்கரும் கப்பியும் சந்தித்தால் சிவப்பு. நாலடித் தொட்டி வாங்கியவர் முதலில் தேடுவது இதைத்தான். மீனின் பிறவிக்குணத்தைப் பார்த்து எழுதிவைத்தது போலவும், என்றைக்கும் மாறாதது போலவும் அது தோன்றும். ஆனால் 1850 முதல் இன்றுவரை இந்தக் கேள்விக்குச் சொல்லப்பட்ட விடைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. எந்த மீனோடு எந்த மீனை விடலாம் என்ற விதி, அந்தந்தக் காலத்துத் தொட்டியால் எது முடியவில்லையோ அதிலிருந்து பிறந்திருக்கிறது. காற்று போதாதபோது காற்றுக்கான விதி, சூடு போதாதபோது சூட்டுக்கான விதி, கழிவைக் கையாளத் தெரியாதபோது எண்ணிக்கைக்கான விதி. இன்று நாம் எடுத்த எடுப்பில் கேட்கிற சுபாவம், இந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்த ஒன்று.

லண்டன் அப்பாதிக்கரீஸ் ஹாலில் வேதியியலாளராக இருந்த ராபர்ட் வாரிங்டன் 1849இல் தொடங்கிய சோதனையை எடுத்துக்கொள்வோம். சுமார் 12 கேலன் கொள்ளும் ஒரு கண்ணாடித் தொட்டி, இரண்டு சிறிய தங்கமீன்கள், வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடி. வெளிச்சத்தில் செடி ஆக்சிஜன் விடும் என்பதை இங்கன்ஹவுஸ் 1779லேயே எழுதிவிட்டார். மீன் விடும் மூச்சைச் செடி எடுத்துக்கொள்ளும், செடி விடுவதை மீன் எடுத்துக்கொள்ளும் என்பது வாரிங்டனின் கணக்கு. கொஞ்ச நாளில் கணக்கு இடறியது. செடியின் பழுத்த இலைகள் அழுகி நீர் கலங்கியது, கண்ணாடியில் பாசி படர்ந்தது. அவர் குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகலையும் பாசியையும் தின்றன. அவற்றின் முட்டைகளை மீன்கள் தின்றன. 1850இல் கெமிக்கல் சொசைட்டியின் இதழில் இது கட்டுரையாக வந்தது. தொட்டியில் உடன்வாழும் உயிர்களைத் தேர்ந்தெடுப்பது பற்றி நமக்குக் கிடைக்கும் முதல் தெளிவான ஆவணங்களில் இது ஒன்று. அதில் மீனோடு மீன் சேருமா என்ற பேச்சே இல்லை. மீனுக்கு இணையாக அவர் தேர்ந்தெடுத்தது ஒரு செடியையும் ஒரு நத்தையையும். ஒவ்வோர் உயிருக்கும் தொட்டியில் ஒரு வேலை இருக்க வேண்டும். வேலை இல்லாதது ஆக்சிஜனை வீணடிக்கும் சுமை. சேர்க்கை என்பதற்கு அன்று இருந்த பொருள் அவ்வளவுதான்.

பிரிட்டனில் கண்ணாடிமீது இருந்த வரி 1845இல் நீக்கப்பட்டிருந்ததால் தொட்டி மலிவானது. லண்டன் விலங்குக்காட்சிச்சாலை 1853இல் மீன் இல்லம் திறந்தது. ஃபிலிப் ஹென்றி காஸ் 1854இல் எழுதிய நூல் நடுத்தர வர்க்க வீடுகளுக்குள் இந்தப் பித்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. காஸின் காதல் கடல் உயிர்கள்மீது. நன்னீர்த் தொட்டிக்கு வாதாடியவர் ஷெர்லி ஹிபர்ட். வீட்டு வரவேற்பறைக்கு அன்று கிடைத்தவை தங்கமீனும், உள்ளூர் ஓடைகளின் மின்னோ, டென்ச், ஸ்டிக்கில்பேக் போன்றவையும். இவற்றில் முள் முதுகுடைய சின்னஞ்சிறு ஸ்டிக்கில்பேக் தொல்லை கொடுத்தது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீன் தன் மூலையைப் பிடித்துக்கொண்டு, தன்னைவிடப் பெரிய மீனின் துடுப்பையும் கிழித்தது. அன்றைய வளர்ப்பாளர்கள் அதைச் சண்டைக்காரன் என்று குறித்துவைத்து, தனியாக விடச் சொன்னார்கள். அதோடு விஷயம் முடிந்தது. ஏன் சண்டை போடுகிறது, எப்போது போடுவதில்லை என்று கேட்க அவர்களுக்கு நேரமில்லை. மீன் மறுநாள் காலைவரை மூச்சுவிடுமா என்பதே பெரிய கவலையாக இருந்த காலம் அது. அதே ஸ்டிக்கில்பேக்கைத் தொட்டியில் வைத்து நெதர்லாந்தில் நிக்கோ டின்பெர்கன் ஆராய்ந்தது எண்பது ஆண்டுகள் கழித்து. ஆணின் சிவந்த வயிறுதான் எதிராளியைத் தூண்டும் சைகை என்று அவர் காட்டினார். சன்னலுக்கு வெளியே சிவப்புத் தபால் வண்டி போனபோது தொட்டி மீன்கள் அதை நோக்கிச் சீறியதை அவர் கண்டது விலங்கு நடத்தைத் துறையில் பலரும் சொல்லும் செய்தி. 1973இல் அவருக்கும் அதே துறையின் லோரன்ஸுக்கும் ஃபிரிஷுக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. சண்டைக்காரன் என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கியிருந்தது, எந்தப் பருவத்தில், எந்த இடத்தில், எந்த நிறத்துக்கு எதிராக என்ற கேள்விகளாகப் பிரிவதற்கு அவ்வளவு காலம் பிடித்தது.

இதற்கிடையில் தேர்வை நடத்தியது வளர்ப்பாளர் அல்ல, கப்பல். பாரிஸில் பியர் கார்போனியே 1869இல் சீனாவிலிருந்து பாரடைஸ் மீனைப் பெற்று, வளர்த்து, குஞ்சும் எடுத்தார். ஐரோப்பிய வீடுகளுக்குத் தங்கமீனுக்கு அடுத்து வந்த அயல்நாட்டு மீன்களில் அது முன்னோடி. ஏன் அது? அழகு ஒரு காரணம்தான். ஆனால் அந்த மீனின் தலைக்குள் செவுளுக்கு மேலே ஒரு மடிப்புறுப்பு உண்டு. நீரில் காற்று குறைந்தால் மேலே வந்து வெளிக்காற்றை விழுங்கிப் பிழைக்கும். குளிரையும் ஓரளவு தாங்கும். வாரக்கணக்கில் மூடிய கலத்தில் கடல் தாண்டிவர இந்த இரண்டு தகுதிகளும் வேண்டும். நம் குளங்களின் பனையேறிக் கெண்டையும் கௌராமிகளும் அதே வகையறா; 1870களில் கங்கைச் சமவெளியின் வண்ணக் கௌராமியும் கார்போனியேவிடம் போய்ச் சேர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், இந்தக் குடும்பத்து ஆண்கள்தான் ஒன்றையொன்று சகிக்காதவை. இரண்டு ஆண் பாரடைஸ் மீன்களைச் சிறு தொட்டியில் விட்டால் ஒன்று மிஞ்சுவதே அரிது. ஒத்துப்போகும் குணத்தை அளவுகோலாக வைத்திருந்தால் இவை வரிசையின் கடைசியில் நின்றிருக்கும். பயணத்தைத் தாங்கும் தெம்பு அளவுகோலாக இருந்ததால் முதலில் வந்தன.

அடுத்த தடை சூடு. நீராவிக் கப்பல்கள் வேகமெடுத்தபின் ஹாம்பர்க் துறைமுகம் வழியாக அமேசான், கரீபியப் பகுதி, இந்தியா ஆகிய இடங்களின் மீன்கள் வரத் தொடங்கின. 1908 வாக்கில் கப்பி, அடுத்த சில ஆண்டுகளில் ஏஞ்சல். ஹாமில்டன் 1822இல் கங்கை மீன்களைப் பற்றிய நூலில் விவரித்த ஜீப்ரா டானியோவும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஜெர்மனிக்குப் போய்விட்டது. தொட்டியின் அடியில் எரியும் விளக்கை வைத்து நீரைச் சூடாக்கிய காலத்தில், மீன்கள் இரண்டே சாதி: குளிர்நீர், வெப்பநீர். வெப்பநீர் மீன்கள் எல்லாம் ஒரே தொட்டிக்கு உரியவை, ஏனென்றால் விளக்கு ஒன்றுதான். கூட்டுத் தொட்டி, கடைக்காரர் மொழியில் கம்யூனிட்டி டேங்க், இந்த நெருக்கடியில் வேர்விட்டது என்பது என் கணிப்பு. தென்னமெரிக்க டெட்ராவும் இந்திய டானியோவும் மெக்சிகோ வாள்வாலும் ஒரே நீரில் நீந்துவதற்கு அவற்றுக்குள் எந்த உறவும் காரணமில்லை. மின்சூடேற்றி தாராளமாக வருவதற்கு முன் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சூடு தர வசதியில்லாததே காரணம். பின்னால் சூடேற்றியும் தெர்மோஸ்டாட்டும் மலிந்தன. கலவைத் தொட்டி மட்டும் வழக்கமாக நின்றுவிட்டது. 1936இல் மையர்ஸ் விவரித்த நியான் டெட்ரா அதே ஆண்டு ஹிண்டன்பர்க் வான்கப்பலில் அமெரிக்கா போய் இறங்கியபோது, அதற்கான கூட்டுத் தொட்டி ஏற்கெனவே காத்திருந்தது. நியானின் சொந்த ஊர் இலைச்சாறு கலந்த மென்மையான அமிலநீர். கடின நீர் விரும்பும் மோலியோடு அதைக் கூட்டுச் சேர்த்தது இந்த வழக்கத்தின் பலம்தான்.

எண்ணிக்கை பற்றிய விதியின் கதை இன்னும் சுவையானது. ஒரே குடும்பத்துக்குள் கோட்டைவிட்ட கதை என்றும் சொல்லலாம். மீனின் கழிவு அமோனியாவாகிறது. அமோனியா மீனைக் கொல்லும். அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுபவை நுண்ணுயிர்கள். இந்த மாற்றம் உயிர்களின் வேலை என்பதை 1877இல் பிரான்சில் ஷ்லோசிங், முன்ட்ஸ் இருவரும் காட்டினார்கள். அதை மண்ணில் தொடர்ந்து ஆராய்ந்து, இரண்டு கட்டமாக நடக்கிறது, இரண்டுக்கும் வெவ்வேறு உயிர்கள் என்று இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் பண்ணையில் கண்டறிந்தவர் யார்? ராபர்ட் வாரிங்டன். தங்கமீன் தொட்டி வைத்தவரின் அதே பெயர் கொண்ட மகன். தந்தை செடிக்கும் நத்தைக்கும் கொடுத்த பெருமையில் பெரும்பங்கு அந்தத் தொட்டியின் மணலில் குடியிருந்த கண்ணுக்குத் தெரியாத உயிர்களைச் சேர வேண்டியது. ஆனால் மகனின் கண்டுபிடிப்பு பயிர்நிலத்துக்குப் போனது. மீன் தொட்டிக்கு வந்துசேரப் பல பத்தாண்டுகள் ஆயின. அதுவரை செடி, நத்தை, மீன் என்ற சமநிலைக் கோட்பாடே வேதமாக ஓதப்பட்டது. 1949இல் நியூயார்க்கின் ஜேம்ஸ் அட்ஸ் அதைக் கட்டுக்கதை என்று தலைப்பிலேயே சொல்லிக் கட்டுரை எழுதினார். தொட்டிக்கு ஆக்சிஜன் பெரிதும் வருவது நீரின் மேற்பரப்பு வழியாக. செடி இல்லாமலும் மீன் வாழும் என்பது அவருடைய வாதம். அதன்பின் மணலுக்கு அடியில் நீரை இழுக்கும் ஃபில்டரும் ஏர் பம்பும் வீடுகளில் பரவின.

ஒரு கேலனுக்கு ஓர் அங்குல மீன் என்ற பழைய கணக்கு அப்போதே செத்திருக்க வேண்டும். ஓர் அங்குல டெட்ரா பத்தும் பத்து அங்குல ஆஸ்கர் ஒன்றும் அந்தக் கணக்கில் சமம். உடலின் பருமன் நீளத்தின் முப்படியாக உயர்வதால், நீளம் பத்து மடங்கானால் எடை ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. அதாவது பத்துப் பத்தாக நூறு டெட்ராக் கூட்டங்களின் எடை அந்த ஓர் ஆஸ்கரிடம் இருக்கிறது; கழிவு எடையின் அதே விகிதத்தில் ஏறாவிட்டாலும், பத்து டெட்ராக்களின் கழிவைவிடப் பல மடங்கு இருக்கும். இருந்தும் அந்த விதி இன்றும் கடைகளில் உலவுகிறது. எளிதாக நினைவில் நிற்பதுதான் அதன் ஆயுள் ரகசியம்.

ஃபில்டர் வந்தபின் நடந்ததுதான் என் வாதத்துக்கு வலுவான சான்று. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் பாறைகளை ஒட்டி வாழும் சிக்லிட் மீன்கள் 1960களிலிருந்து பெருமளவில் ஏற்றுமதியாயின. கடல்மீன் போன்ற நீலமும் மஞ்சளும். ஆனால் ஒவ்வோர் ஆணும் ஒரு பாறைக்குப் பட்டாதாரர். மூன்று நான்கு மீன்களைத் தாராளமாக இடம் கொடுத்து விட்டால், வலியது மெலியதைத் துரத்தித் துரத்தியே கொன்றுவிடும். வளர்ப்பாளர்கள் கண்ட தீர்வு பழைய விதிகளுக்கு நேரெதிர்: பெரிய தொட்டியில் நெருக்கமாக நிறைய மீன்களை விடுவது. யாரைத் துரத்துவது என்று தெரியாமல் அடி பலர்மேல் பகிர்ந்துபோகும், எவரும் ஓர் எல்லையை முழுதாகப் பிடித்துவைக்க முடியாது. வாரிங்டன் காலத்தில் இதைச் செய்திருந்தால் இரவோடு இரவாகத் தொட்டி பிணக்காடாகியிருக்கும். அதிலும் மலாவியின் நீர் காரத்தன்மை உள்ளது. காரநீரில் அமோனியாவின் நஞ்சு இன்னும் கடுமை. வலுவான ஃபில்டரும் அடிக்கடி நீர் மாற்றுவதும் சாத்தியமான பிறகே நெரிசல் சமாதானக் கருவியானது. மீன் மாறவில்லை, அதன் குணமும் மாறவில்லை. சேர்க்கையின் விதி தலைகீழானது, ஏனென்றால் தொட்டி மாறியது. 1960களில் சிலிக்கோன் பசை வந்து, இரும்புச் சட்டமும் மக்குப் பூச்சும் இல்லாத முழுக்கண்ணாடித் தொட்டி பெரிய அளவில் சாத்தியமானதும் இதற்குத் துணைநின்றது.

இதற்கு உடனே வரக்கூடிய மறுப்பு ஒன்று உண்டு. பெரிய மீன் சின்ன மீனைத் தின்னும். இது எந்த ஃபில்டராலும் மாறாது. ஆகவே அட்டவணையின் சிவப்புக் கட்டங்கள் இயற்கையின் விதிதான் என்பார்கள். பாதி சரி. வாயின் அகலம் மாறாத உண்மை. ஆஸ்கரின் வாய்க்குள் கப்பி அடங்கும் என்பதற்கு வரலாறு தேவையில்லை. ஆனால் அட்டவணையில் அப்படிச் சுலபமாகத் தீர்ந்துபோகிற கட்டங்கள் குறைவு; அவற்றைப் பற்றி யாருக்கும் சந்தேகமும் வருவதில்லை. வாதமெல்லாம் மஞ்சள் கட்டங்களைப் பற்றியது. ஒரு ரூபாய் நாணய அளவில் வாங்கிய ஏஞ்சல் நியானோடு மாதக்கணக்கில் ஒற்றுமையாக நீந்தும். வளர்ந்தபின் ஒரு காலையில் நியான் கூட்டம் குறைந்திருக்கும். இங்கே அட்டவணை தவறவிடுவது குணத்தை அல்ல, வயதை.

இன்னொரு மறுப்பு இன்னும் நுட்பமானது. கண்டம்விட்டுக் கண்டம் கலப்பதுதான் பிழை. ஒரே ஆற்றின் மீன்களை ஒரே தொட்டியில் விட்டால் இயற்கையே பொருத்தம் பார்த்துக் கொடுத்துவிடும் என்பது அந்த வாதம். நீரின் கடினத்தன்மை, அமிலம், சூடு ஆகியவற்றில் இது மிகவும் சரி. என் மதிப்பில் நல்ல தொட்டிகளில் பல இந்த வழியில் அமைந்தவையே. ஆனால் ஒரே நீரைப் பகிர்வது சமாதானம் ஆகாது. ஏஞ்சலும் நியானும் அமேசான் படுகையைச் சேர்ந்தவைதான். ஆற்றில் தின்னப்படும் மீனுக்கு ஓட இடம் உண்டு, கலங்கிய நீர் உண்டு, வேர்க்கட்டு உண்டு. ஆறடித் தொட்டிக்கு இரண்டு முனைகள்தான். இருந்தாலும் இந்த மறுப்பாளர்களுக்குச் சாதகமான ஒரு சான்று நம் கரையிலேயே இருக்கிறது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காயல்களில் இரண்டு சிக்லிட்கள் சேர்ந்து வாழ்கின்றன: கேரளத்தில் கரிமீன் என்று பெயர்பெற்ற பச்சைக் குரோமைட், அதைவிடச் சிறிய ஆரஞ்சுக் குரோமைட். சிறியவற்றின் இளம் மீன்கள் பெரியவற்றின் உடலில் ஒட்டிய ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்று சுத்தம் செய்வதை வைமன், வார்டு என்ற இரு ஆய்வாளர்கள் 1972இல் வெளியிட்டார்கள். பகை இல்லை என்பதைத் தாண்டி, ஒன்றுக்கு மற்றது தேவைப்படும் உறவு. ஆனால் அதையும் கவனமாகப் படிக்க வேண்டும். சுத்தம் செய்வது இளம் மீன். வளர்ந்து இணை சேர்ந்து முட்டையிட்டபின் அதே இனம் தன் இடத்தைக் காப்பது. ஆரஞ்சுக் குரோமைட், பச்சைக் குரோமைட் என்ற இரண்டு பெயர்கள் சந்திக்கும் ஒற்றைக் கட்டத்தில் இதை எந்த நிறத்தால் நிரப்புவது?

வணிகத்தை ஒதுக்கிவிட்டு இந்த வரலாற்றை எழுத முடியாது. சமாதான மீன்கள் என்று கூட்டுத் தொட்டிக்குச் சிபாரிசு செய்யப்படுபவற்றில் பெரும்பங்கு பண்ணைகளில் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கப்பட்டவை. சென்னை கொளத்தூர் பகுதியின் வண்ணமீன் பண்ணைகளும் அந்தச் சங்கிலியில் உண்டு. பண்ணைத் தொட்டியில் கிடைக்கும் நீரிலேயே பிறந்து வளர்ந்ததால் பல மீன்கள் தம் முன்னோர் தாங்காத நீரையும் தாங்குகின்றன. இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். கடின நீரில் வாழும் பண்ணை டிஸ்கஸ் ஒரு நல்ல விளைவுதான். கடைக்காரர் பெரும்பாலும் நேர்மையாகவே விற்கிறார். ஆனால் அவர் விற்பது குஞ்சு. சக்கர் என்று நாம் அழைக்கும் தென்னமெரிக்கக் கவசக் கெளுத்தி சுண்டுவிரல் நீளத்தில், கண்ணாடிப் பாசியைத் துடைக்கும் வேலைக்காரனாக வாங்கப்படுகிறது. வாரிங்டனின் நத்தைக்கு வந்த வாரிசு அது. தொட்டியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை என்ற 1850ஆம் ஆண்டுத் தர்க்கம், ஃபில்டர் வந்து எழுபதாண்டு ஆனபிறகும் இந்த ஒரு மீனின் விற்பனையில் உயிரோடு இருக்கிறது. அது ஓர் அடியையும் தாண்டி வளரும். வளர்ந்தபின் பாசியைவிடக் கழிவைத்தான் அதிகம் தரும். பல பட்டியல்களில் அதற்குப் பச்சை நிறம், ஏனென்றால் அது யாரையும் கடிப்பதில்லை.

தொட்டி எவ்வளவு பெரிதானாலும் இந்தக் கேள்வி தீர்ந்துவிடுவதில்லை என்பதற்கு லிஸ்பன் ஓஷனேரியம் சான்று. ஜப்பானின் தகாஷி அமானோ 2015இல் அங்கே அமைத்த நன்னீர்த் தொட்டி 40 மீட்டர் நீளம், 1,60,000 லிட்டர். அவ்வளவு நீர் கையிலிருந்தும் அவர் ராட்சத மீன்களை நாடவில்லை. நாற்பது வகைகளைச் சேர்ந்த சுமார் 10,000 சிறு மீன்களைக் கூட்டம் கூட்டமாக விட்டார். காற்று, சூடு, ஃபில்டர், இடம் பற்றிய கவலைகள் எல்லாம் தீர்ந்த ஒருவர் கைக்கொண்ட தேர்வு இது. சிறு மீன் நாளை பெரிய மீனாகாது என்பதும் அந்தத் தேர்வுக்குள் இருக்கிறது. வீட்டுத் தொட்டிக்காரரின் நிலை வேறு; அதற்கு ஒரு மீனே சான்று. 1865இல் ஃபிரான்சிஸ் டே விவரித்து, மதராஸ் ஆளுநர் டெனிசனின் பெயரைச் சூட்டிய மேற்குத்தொடர்ச்சி மலை மீன், மிஸ் கேரளா என்ற பெயரில் 1990களின் பிற்பகுதியிலிருந்து உலகச் சந்தையில் ஓடியது. சாந்தமானது, கூட்டமாக நீந்துவது, பல அட்டவணைகளில் பச்சை. கையளவு வளர்ந்து நீண்ட தொட்டியில் வேகமாக நீந்த வேண்டிய மீன் அது. ஓடைகளில் பிடிக்கப்பட்ட வேகத்தில் இன்று அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. யாரோடு யாரை விடலாம் என்று மட்டும் கேட்ட அட்டவணை, எங்கிருந்து எடுக்கிறோம் என்றோ, மூன்றாவது ஆண்டில் எங்கே விடுவோம் என்றோ கேட்டதில்லை. வீட்டில் இடம் போதாமல்போன சக்கர்கள் தமிழ்நாட்டு ஏரிகளில் இப்போது வலையைக் கிழித்துக்கொண்டு வருகின்றன. கெண்டைக்கு விரித்த வலை அது.